நாயும் நீராட்டும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் இயல்பை விடாது என்னும் பொருளில் நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகின்றது. அதனைச் சொல்லிய முன்னோர் நாயின் குணத்தைப் பற்றிக் கவலையுற்றனரேயன்றி, அதனை எத்தனை நாளுக்கொருமுறை குளிப்பாட்ட வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் சொன்னாரல்லர். அக்காலத்து நாய் வாசலிலும் களத்து மேட்டிலும் வாழ்ந்தது; மழையே அதற்கு நீராட்டு. இக்காலத்து நாயோ, பழமொழியை மெய்ப்பிக்க வந்ததுபோல், நடுவீட்டிலேயே வாழ்கின்றது. சிலர் வீட்டில் கட்டிலின்மேலும் ஏறிவிட்டது. ஆகவே முன்னோர் விட்டுச்சென்ற வினாவிற்கு விடை காணும் கடமை நம்மேல் வந்து விழுந்திருக்கின்றது. இவ்வினாவால் எங்கள் இல்லத்தில் ஏறக்குறைய ஓராண்டு அமைதி குலைந்திருந்தமையால், இதனைப் பற்றி எழுத எனக்கும் சிறிது உரிமை உண்டென்று எண்ணுகின்றேன்.

எங்கள் நாயின் பெயர் வெள்ளையன். இராஜபாளையம் இனத்தைச் சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையினர் இந்நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராம்பூர், முதோள், இமயமலை ஆட்டுநாய் ஆகியவற்றோடு இராஜபாளையமும் இடம்பெற்றது என்பதை நேயர்களுட் சிலர் அறிந்திருக்கலாம். பால்போன்ற வெண்மை, குட்டையான மயிர், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள் ஆகிய இவையே அவ்வினத்தின் அடையாளங்கள். வெண்மை அழகுதான், ஆயினும் அதனைப்போல் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறொன்றில்லை. கருநாயின்மேல் ஒரு மரக்கால் புழுதி கிடந்தாலும் கண்ணுக்குப் புலனாகாது. வெள்ளையன் எங்கள் செம்மண் தெருவில் ஒருமுறை புரண்டெழுந்தாலோ, அச்செய்தியைத் தெருக்கோடி வரையில் எல்லாரும் அறிவர்.

இனி என் அத்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரை இழந்தபின் எங்களோடு வந்து வாழ்பவர். விடியற்காலையில் தலைமுழுகாமல் அடுக்களையில் கால் வையார். வீட்டில் பிறர் எவராயினும், காய்ச்சல் என்று கட்டிலில் கிடந்தாலன்றி, குளிக்காமல் அவர் கையால் ஒரு வாய்க் காப்பியும் பெற முடியாது. வெள்ளையனைக் குட்டியாகக் கொண்டுவந்த அன்று அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: “வீட்டுக்குள் இருப்பதானால் அவனும் தினம் குளிக்க வேண்டும்.” சொன்னதோடு நில்லாமல் அப்பொறுப்பையும் தாமே மேற்கொண்டார்.

காலை ஏழு மணி அடித்ததும் கிணற்றடியில் அச்சடங்கு தொடங்கும். துவைக்கிற கல்லின் பக்கத்தில் வெள்ளையன் தலை கவிழ்ந்து நிற்கும். அத்தை பார் சோப்பைத் தேங்காய் நாரில் தேய்த்து, மூக்கு முதல் வால் நுனி வரையில் ஓரிடம் விடாமல் தேய்ப்பார். வெள்ளிக்கிழமையானால் சீயக்காயும் உண்டு. அதன் கண்ணில் படாதபடி இடக்கையால் மறைத்துக்கொள்வார். தேய்க்கும்போதெல்லாம் அதனோடு பேசிக்கொண்டேயிருப்பார். எங்களிடம் ஒருபொழுதும் சொல்லாத குறைகளையெல்லாம் அதனிடம் சொல்வார். வெளிநாட்டிலுள்ள மகன் தொலைபேசியில் அழைக்காத வாரங்களில் அந்நீராட்டு அரைமணி நேரத்திற்கு மேல் நீளும். நாங்கள் அப்போது கிணற்றுப்பக்கம் செல்வதில்லை.

இவ்வாறு ஓராண்டு கழிந்தபின், வெள்ளையனின் மயிர் மினுமினுப்பை இழந்தது. தோலிலிருந்து பொடுகுபோல் செதிள் உதிர்ந்தது. பின்னர் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிறு கொப்புளங்கள் தோன்றி உடைந்து, காசளவு வட்டங்களாக மயிர் கொட்டிற்று. இரவெல்லாம் அது சொறியும் ஓசை திண்ணையிலிருந்து கேட்கும். குளிப்பாட்டுவது போதவில்லை என்று முடிவு செய்த அத்தை, மாலையிலும் ஒரு முறை குளிப்பாட்டத் தொடங்கினார். வேப்பிலையை அரைத்துப் பூசினார். நோய் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. தெருவில் ‘சொறிநாய்’ என்னும் சொல் எழுந்தது. நம் மொழியில் மனிதரை ஏசுவதற்கே வைத்திருக்கும் அச்சொல், ஒரு நாயைக் குறித்து நேர்ப்பொருளில் சொல்லப்பட்டபோதும் அத்தனை வலியைத் தரும் என்று நான் அதற்குமுன் எண்ணியதில்லை. அண்டை வீட்டார் தம் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு அனுப்ப அஞ்சினர். என் தமையனார் ஒரு நாள் உணவு வேளையில், தம் நண்பருடைய தென்னந்தோப்பில் அதனைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். அத்தை மறுமொழி கூறவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போனார். மறுநாட் காலையில் அவரையும் வெள்ளையனையும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றேன்.

அங்கிருந்த மருத்துவர் ஓர் இளம்பெண். புண்ணின் ஓரத்தைச் சிறு கத்தியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் எண்ணெய்த் துளியோடு வைத்து, நுண்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். சொறியை உண்டாக்கும் நுண்பூச்சி ஒன்றும் தென்படவில்லை. பின்னர் அத்தையை நோக்கி, “பாட்டி, இவனை எத்தனை நாளுக்கு ஒரு தரம் குளிப்பாட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். “தினந்தோறும் தாயி. ஒரு மாதமாய் இரண்டு வேளை,” என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து விடையளித்தார். மருத்துவர் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் வெள்ளையனின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பின்பு அவர் விளக்கியவற்றுள் முதன்மையானது இது. நாம் நாள்தோறும் குளிப்பதற்குப் பெருங்காரணம் வியர்வை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கோ பாதத்தின் அடிப்பகுதியிலன்றி அத்தகைய வியர்வை சுரப்பதில்லை. வெப்பத்தை அது நாக்கை நீட்டி இரைத்தே போக்கிக்கொள்கின்றது. ஆகவே வியர்வையைக் கழுவுவதற்காக அதனைக் குளிப்பாட்ட வேண்டுவதில்லை. வியர்வைக்கு மாறாக அதன் மயிர்க்கால்தோறும் ஒருவகை எண்ணெய் ஊறுகின்றது. அவ்வெண்ணெயே மயிருக்கு மினுமினுப்பையும், தோலுக்கு மென்மையையும், மழையைத் தாங்கும் ஆற்றலையும் தருவது. நாம் சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலையில் வைத்துப் பெறும் நன்மையை, நாய் தன் உடலிலிருந்தே ஒரு செலவுமின்றிப் பெற்றுக்கொள்கின்றது. அதனை நாள்தோறும் சோப்பிட்டு உரித்தெடுத்தால் தோல் வறண்டு வெடிக்கும், வெடித்தால் அரிக்கும், அரித்தால் நாய் சொறியும், சொறிந்த கீறலின் வழியே, தோலின்மேல் எப்போதும் வாழ்ந்துகொண்டிருக்கும் கிருமிகள் உட்புகுந்து கொப்புளத்தை உண்டாக்கும்.

மற்றொன்றும் சொன்னார். மனிதத் தோலின் மேற்படலத்தில் உயிரணுக்கள் 10 முதல் 15 அடுக்காக அமைந்திருக்க, நாய்க்கு 3 முதல் 5 அடுக்குகளே உள்ளனவாம். மயிர் மூடியிருப்பதால் அதன் தோல் தடித்தது என்று நாம் எண்ணுகின்றோம், உண்மை நேர்மாறானது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. நம் தோல் ஏறத்தாழ 5½-இல் நிற்பது. நாயின் தோல் 7-ஐ அடுத்து நிற்பது. துணி துவைக்கும் சோப்பு 9-க்கும் 10-க்கும் மேற்செல்லும். இவ்வளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் முந்தியதற்குப் பத்து மடங்காதலால், வேறுபாடு நூறு மடங்கினும் மிகுதி. மனிதருக்கென்று செய்த ஷாம்பு நம் தோலின் அமிலத்திற்கு இசையச் செய்யப்பட்டதாதலின் அதுவும் நாய்க்குப் பொருந்துவதன்று. எங்கள் கிணற்று நீரோ கடுநீர். சோப்பு அதில் எளிதில் நுரையாமல் வெண்மசியாய்த் திரியும். அம்மசி எத்தனை வாளி நீர் ஊற்றினும் மயிரடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தையின் முகம் வாடிற்று. அம்மருத்துவர் அதனைக் கண்டிருக்க வேண்டும். “நீங்கள் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததனால்தான் பாட்டி, புண் ஆழமாகுமுன் கொண்டுவந்துவிட்டீர்கள். தோட்டத்தில் கட்டிப்போட்ட நாய்களை எலும்பு தெரியும்போதுதான் கொண்டு வருகிறார்கள்,” என்றார். இச்சொற்கள் எந்த மருத்துவ நூலிலும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அன்று அவர் கொடுத்த மருந்துகளுள் இதுவே தலையாயது என்பது என் கருத்து.

மருந்துச் சீட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த ஷாம்பு ஒன்று. வாரத்திற்கு இருமுறை, நான்கு வாரம், அதனைக் கொண்டு வெள்ளையனைக் குளிப்பாட்ட வேண்டும். நுரையைப் பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து வைத்திருந்து, பின்னரே அலச வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. குளிப்பால் வந்த நோய்க்குக் குளிப்பே மருந்து! அத்தை வண்டியில் ஏறியதும், “பார்த்தாயா, குளிப்பாட்டத்தான் சொல்கிறாள்,” என்று என்னிடம் வெற்றியோடு சொன்னார். நான் மறுக்கவில்லை.

நோய் நீங்கியபின் மாதத்திற்கு ஒருமுறை போதும் என்பது மருத்துவரின் தீர்ப்பு. குட்டைமயிர் நாய் நோயின்றியும் சேற்றில் புரளாமலும் இருக்குமாயின், இரண்டு மூன்று மாதம் குளிக்காவிட்டாலும் அதற்கு ஒரு குறையும் வாராதாம். நீண்ட மயிரும் உள்மயிரும் உடைய போமரேனியன் முதலியவற்றிற்குக் குளிப்பினும் சீவுதலே முதன்மை. சிக்கலோடு நனைந்த உள்மயிர் எளிதில் உலராது, உலராத இடத்தில் புண் உண்டாகும். தோலில் எண்ணெய் மிகச் சுரக்கும் சிலவகை நாய்களுக்கு வாரம் ஒருமுறையும் வேண்டியிருக்கும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தல் சாலும். எந்த நாயாயினும் வெதுவெதுப்பான நீர், காதில் நீர் புகாமை, குளித்தபின் நன்றாகத் துவட்டுதல் ஆகிய இம்மூன்றும் இன்றியமையாதன. குளிப்பாட்டிய இரண்டாம் நாளே ஒரு நாய் நாறுமாயின், குற்றம் தோலில் இல்லாமலிருக்கலாம். காதில் சீழோ, பல்லில் ஊத்தையோ, ஆசனவாயருகேயுள்ள சுரப்பிகளில் அடைப்போ என்று பார்க்க வேண்டும்.

உண்ணியைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஏனெனில் அத்தையின் வாதத்தில் அதுவே வலிய தூணாக நின்றது. “குளிப்பாட்டாவிட்டால் உண்ணி பிடிக்காதா?” என்பார். குளிப்பாட்டினும் பிடிக்கும் என்பதே உண்மை. தோலில் வாயை ஊன்றிய உண்ணியை நீரும் நுரையும் அசைப்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி தானே கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றது. ஆகவே நாயைக் கழுவுவதினும் சுவரைப் பூசுவதே அங்கு வேண்டப்படுவது. உண்ணி தரும் காய்ச்சல் நாயின் உயிரைக் குடிக்க வல்லதாதலின் அதற்கெனப் பிடரியில் விடும் மருந்து உண்டு. அம்மருந்து தோலின் எண்ணெயோடு கலந்து உடலெங்கும் பரவுவது. அதனை இடுவதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டலாகாது. நாங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கி இட்ட அம்மருந்து மறுநாட் காலை ஏழு மணிக்கே கிணற்றடியில் வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது என்பது அன்றுதான் விளங்கிற்று. எங்கள் வாழைமரத்தில் உண்ணி இல்லாதது வியப்பன்று.

நீராடும் கட்சியாகிய நாயின் கருத்தையும் கேட்பதே முறை. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், நனைந்த விலங்குகள் உடலை உதறும் விதத்தை விரைவுப் படக்கருவியால் ஆராய்ந்து, நாய் ஏறத்தாழ நான்கு வினாடியில் தன் மயிரிலுள்ள நீரில் 70 விழுக்காட்டை உதறிவிடும் என்று கண்டனர். அந்நீர் எங்குச் சென்று சேரும் என்பதை ஆராய அவர்களுக்குக் கருவி வேண்டியிருக்கலாம், எங்களுக்கு வேண்டியதில்லை. உதறி முடித்ததும் வெள்ளையன் ஓடிச்சென்று கொல்லைப் புழுதியில் முதுகை வைத்துப் புரளும். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டதாக நாம் நகைக்கின்றோம். மணத்தாலேயே உலகை அறியும் அவ்வுயிருக்கு, சோப்பின் வாசனை தன்மேல் வீசுவது எவ்வளவு வெறுப்பைத் தருமோ!

இப்போதும் காலை ஏழு மணிக்குக் கிணற்றடியில் அத்தையும் வெள்ளையனும் இருக்கின்றனர். வாளியும் சோப்பும் இல்லை. இரப்பர்ப் பற்கள் அமைந்த சீப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதனைக்கொண்டு கழுத்திலிருந்து வால் வரையில் வருடி வருடி உதிர்மயிரை எடுக்கின்றார். எண்ணெய் மயிர் நெடுகப் பரவி, வெள்ளையன் மீண்டும் தபால்தலையிலுள்ள நாயைப்போல் ஒளிர்கின்றது. பேச்சு முன்போலவே நடக்கின்றது. மகன் அழைக்காத வாரங்களில் சீவுதலும் அரைமணி நேரத்திற்கு மேல் நீள்கின்றது. அதனால் தோலுக்கு ஒரு தீங்கும் இல்லை.

மாதக் குளிப்பிற்கு நாள் குறித்தவரும் அத்தையே. ஆங்கில மாதத் தேதி அவர் நினைவில் நில்லாது. அமாவாசையன்று விரதமும் படையலுமாக அவருக்கு ஓய்வில்லை. மறுநாளாகிய பிரதமையில் மனிதர் எந்த நற்காரியத்தையும் தொடங்குவதில்லை; ஆகவே அன்று வெள்ளையனுக்கென்று குறித்துவிட்டார். முப்பது நாளுக்கு ஒருமுறை என்ற மருத்துவர் கணக்கிற்கு அரைநாளே குறைவு. சென்ற கார்த்திகையில் அப்பிரதமையன்று விடியற்காலை தொட்டு அடைமழை. நீராட்டு ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. அத்தை அதனை அறிவித்தபோது, திண்ணையில் சாக்கின்மேல் சுருண்டு கிடந்த ஒருவன் வாலை இருமுறை தரையில் அடித்தான்.