அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை

ஜூன் 2

லீவு கிடைத்துவிட்டது. ஜூலை பத்தாம் தேதி அடிலெய்டிலிருந்து கிளம்புகிறோம். மவுண்ட் டேர் வழியாக சிம்ப்சன் பாலைவனத்துக்குள் இறங்கி பேர்ட்ஸ்வில்லில் ஏறுவது. எழுதும்போதே வயிற்றுக்குள் என்னமோ செய்கிறது.

ஓட்டுவது இவர், வழி பார்ப்பது நான். அப்படியென்றால் வழிகாட்டும் கருவியையும் நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். "சரி, நீயே பாரு" என்றார். அதற்கப்புறம் அரைமணி நேரம் அவருக்குப் பிடித்த ஒன்றைப் பற்றியே பேசினார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 5

டியூட்டி முடிந்து நேரே கடைக்கு. பிடரி வலி. வரிசையாக ஏழெட்டு கருவிகள், எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பு. கடைப் பையன் நன்றாகத்தான் பேசினான், ஆனால் குரலைப் பற்றியே பேசினான். எத்தனை மொழி, ஆண் குரல், பெண் குரல். எனக்குக் குரலே வேண்டாம். ரோடே இல்லாத இடத்தில் இது என்ன காட்டும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டான்.

ரோட்டுக்கென்று செய்த கருவி பக்கத்தில் இருக்கிற ரோட்டோடு நம்மை ஒட்டவைத்தே காட்டும். ஊருக்குள் அது வசதி. மணலுக்குள் அது பொய். நான் நிற்கிற இடம், நான் வந்த தடம், அடியில் ஒரு நல்ல வரைபடம். டவர் இல்லாமலே மூன்றும் தெரியவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

வெறும் கையோடு வந்தேன். ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 8

மத்தியான வெயிலில் காரை வெளியே நிறுத்தி இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. போன் உதவாது. எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது. வண்டி நிற்கும்போதே இப்படியென்றால் அந்தக் குலுங்கலில் எப்படி?

மகள் விட்டுப்போன ஐபேட் ஞாபகம் வந்தது. பெரிய திரை, ஒரு டாலர் செலவில்லை. ஆசையாக எடுத்தேன். வைஃபை மட்டும் உள்ள மாடல். அதில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, சிம் போடுகிற மாடலில்தான் இருக்கும். சிம் போடாவிட்டாலும் அதில் வேலை செய்யுமாம். திரும்பவும் அலமாரிக்குள்.

அம்மா போனில் மழை வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 11

எதிர்வீட்டுப் பெரியவர் தன் பழைய வரைபடங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பில் எல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் கடந்தவர். அப்போது கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாலும் இடம் நூறு மீட்டருக்கு அலையுமாம். அமெரிக்காக்காரர்கள் வேண்டுமென்றே கலந்த பிழை. 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள்.

வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஏஜிடி 66 என்று இருந்தது, பழைய நில அளவைக் கணக்கின் பெயர். விரலால் காட்டினார். அந்தக் கணக்கில் படித்த எண்ணை இன்றைய கருவியில் அப்படியே போட்டால் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய் நிற்போம். அங்கே 200 மீட்டர் என்றால் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கமாகவே இருக்கலாம். இந்தக் கண்டமே வருஷத்துக்கு 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது என்றும் சொன்னார். அதற்காகவே ஜிடிஏ 2020 என்று புதுக் கணக்கு போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை, நல்ல விதமாக.

ஜூன் 15

ஒத்திகையாக நர்க்கட் பூங்காவுக்குப் போய்வந்தோம். பின்னருவிலிருந்து தெற்கே எல்லைத் தடம். டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். அண்ணனும் அண்ணியும் பின்னால் அவர்கள் வண்டியில். அண்ணனுடைய ஏழு அங்குலக் கருவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், நம்முடைய போனையும் அதன் பக்கத்திலேயே மாட்டினேன்.

முதல் மேட்டிலேயே போன் ஸ்டாண்டிலிருந்து கழன்று என் காலடியில் விழுந்தது. பிறகு வெயில் பட்டுச் சூடாகி இருண்டது. ஜூன் மாதக் குளிரில்! ஏழு அங்குலம் கடைசி வரை நின்றது. ஆனால் தொடுதிரை. வண்டி குதிக்கும்போது விரல் ஒரு பட்டனுக்குப் போகிறது, பக்கத்துப் பட்டன் திறக்கிறது. எரிச்சல். இவரிடம் இரண்டு தடவை கத்திவிட்டேன். பாவம், அவர் ஒழுங்காகத்தான் ஓட்டினார்.

ஒன்று புரிந்தது. வண்டி ஓடும்போது எதையும் தொடக்கூடாது. வேண்டியதெல்லாம் முதல் நாள் ராத்திரியே திரையில் இருக்கவேண்டும். பெரிய அம்பு, வந்த தடம் சிவப்புக் கோடாக, மேலே எண்கள். வடக்கு எப்போதும் மேலே. இவர் வண்டி போகும் திசைதான் மேலே வேண்டும் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. வடக்குதான்.

மத்தியானம் எல்லையில் நின்று தீர்க்கரேகை எண்ணைப் பார்த்தேன். 140.96. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்கு எல்லை 141 என்றுதான் எழுதிவைத்தார்கள். 1847இல் அளக்க ஆரம்பித்தவர்கள் சுமார் 3.6 கிலோமீட்டர் மேற்கே கோடு போட்டுவிட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1914இல் போட்ட கோடே கோடு என்று தீர்ப்பானது. கால் பதித்து நிற்கிற மண்ணில் அந்தப் பிழையைத் திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பாட்டை எடுத்துவை என்றாள்.

இடுப்பு வலிக்கிறது. சந்தோஷம்.

ஜூன் 18

வீட்டில் சண்டை. எல்லாம் ஒரே கருவியில் வேண்டும் என்கிறார் இவர். வரைபடம், சாட்டிலைட் செய்தி, எஸ்ஓஎஸ், மொத்தமும் கார்மின் மொன்டானா 700ஐ-யில் இருக்கிறது. நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது மணலில் விழுந்து உடைந்தால் வழியும் போச்சு, கூப்பிடுவதும் போச்சு. வெவ்வேறாக இருக்கட்டும் என்கிறேன். ஐசியூவில் ஒரே ஒரு பம்ப்பை நம்பி யாரும் இருப்பதில்லை.

"அப்படின்னா ஒரு பிஎல்பி போதும்" என்கிறார். 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குரல் அனுப்பும் கருவி. சந்தா கிடையாது, பதிவு இலவசம். ஆண்டெனாவை நிமிர்த்தி பட்டனை அமுக்கினால் குறைந்தது 24 மணி நேரம் கத்தும். எல்லாம் சரி. ஆனால் அதற்குக் கத்த மட்டும்தான் தெரியும். நல்லா இருக்கோம் என்று சொல்லத் தெரியாது.

எனக்கு அந்த ஒரு வரி வேண்டும். நல்லா இருக்கோம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று இவருக்கும் தெரியும்.

ஜூன் 22

போகவே வேண்டாம் போல இருக்கிறது. நைட் டியூட்டியில் ஒரு மோசமான கேஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேஜை முழுக்கக் கேபிள்கள். எதற்கு இதெல்லாம்? ஆயிரத்து நூறுக்கு மேல் மணல்மேடுகள், நடுவில் பெட்ரோல் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஐம்பது வயதில் எனக்கென்ன வந்தது?

தூங்கினேன். மத்தியானம் எழுந்து பழைய வரைபடத்தைத் திரும்பவும் விரித்தேன்.

ஜூன் 24

பெரியவர் ஒரு புத்தகம் கொடுத்தார். கிரிசெல்டா ஸ்ப்ரிக் எழுதியது. 1962இல் கணவர் ரெக், இரண்டு பிள்ளைகள், ஒரு நிசான் பேட்ரோல். வண்டியில் சிம்ப்சனைக் கடந்த முதல் குடும்பம். பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி போட்ட ஃபிரெஞ்ச் லைன் தடம் கூட அப்போது இல்லை. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறாள் அந்தப் பெண்.

அதற்கெல்லாம் முன்னாலிருந்தே அங்கே வாங்கங்குரு மக்கள் இருந்தார்கள். மணலுக்குள் அவர்கள் தோண்டிய மிக்கிரிக் கிணறுகள். எந்தக் கிணற்றிலிருந்து எந்தக் கிணறு என்பதை மனசிலேயே வைத்திருந்தார்கள். 1936இல் டெட் கோல்சன் ஒட்டகத்தில் கடந்தபோதும் தனியாகப் போகவில்லை, பீட்டர் ஐன்ஸ் என்ற பூர்வகுடி மனிதர் கூடவே போனார்.

போகத்தான் வேண்டும்.

ஜூன் 29

வாங்கியாச்சு. சிம் போடுகிற வகை டேப்லெட், எட்டு அங்குலம், அதில் ஹேமா வரைபடங்கள் மொத்தமும் இறக்கியது. கையடக்கமாக இன்ரீச் ஒன்று. இரிடியத்தின் 66 செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி போகும். வாகன நேவிகேட்டர் வாங்கவில்லை. இவர் முகம் கொஞ்சம் வாடியது. காகித வரைபடமும் புதிதாக ஒன்று, இந்தக் காலத்துக் கணக்கில்.

ஸ்டாண்டை இவரே இரும்புப் பட்டை வைத்து டேஷ்போர்டில் திருகிக் கொடுத்தார். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வாடிய முகத்தோடு இதைச் செய்தார். மனசு என்னமோ போலாகிவிட்டது.

ஜூலை 3

போகிற இடங்களின் எண்களை டேப்லெட்டில் ஏற்றினேன். ஒவ்வொன்றையும் நான் வாசிக்க, இவர் சரிபார்க்க. சில தாள்களில் பாகையும் கலையுமாக இருக்கிறது, டேப்லெட்டில் தசமம். 30 கலை என்றால் .5, .30 இல்லை. ஆஸ்பத்திரியில் மில்லிகிராம், மைக்ரோகிராம் பார்ப்பது போல இரண்டு பேர் பார்த்தோம்.

பொப்பெல் கார்னர் வந்ததும் நிறுத்திவிட்டேன். 26 தெற்கு, 138 கிழக்கு. மூன்று எல்லைகள் சேரும் இடம். 1880இல் அகஸ்டஸ் பொப்பெல் அளந்து கம்பம் நட்டார். அளந்த சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கம்பத்தைச் சுமார் 300 மீட்டர் கிழக்கே மாற்றினார்கள். அங்கே திருத்தினார்கள். நர்க்கட்டில் திருத்தவில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் என் காலால் தொட்டவளாகப்போகிறேன்.

ஜூலை 6

சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "செம்மண்ணா?" என்றாள். ஆமாம்மா, நம்ம தேரி மாதிரியே, ஆனா பெரிசு. அம்மா பிறந்தது உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் தேரிக்காட்டில் ஆடு தேடி அலைந்தவள். எனக்கு அது எப்படி மறந்தது?

"காத்தடிச்சா தடம் அழிஞ்சிரும்ட்டி. தடம் தெரியலன்னா நடக்காத. நின்ன எடத்துலயே நில்லு. தேடி வருவாவ."

பூங்காத்துறைத் தாளிலும் அதேதான்: வண்டியை விட்டுப் போகாதே. தாளைப் படித்தபோது தலையாட்டினேன். அம்மா சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

ஜூலை 9

மணல் கொடி கட்டியாச்சு. பாலைவனப் பூங்கா பாஸ் வந்துவிட்டது. யுஹெச்எஃப் ரேடியோ சேனல் 10. தண்ணீர் கேன்கள் ஏற்றியாச்சு. வாசலில் நின்று இன்ரீச்சிலிருந்து தம்பிக்குச் சோதனைச் செய்தி: "நல்லா இருக்கோம். அம்மாவிடம் சொல்." உடனே போகவில்லை. மரத்தடியை விட்டு நடுத்தெருவுக்கு வந்து வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். போனது. அவன் படித்துக் காட்டினானாம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வரணும் என்று அம்மா உத்தரவு. எங்க ஆறா, அவங்க ஆறா என்று கேட்டு எழுதியிருக்கிறான். அவங்க ஆறு என்று பதில் போட்டேன். அந்த நேரம் இங்கே இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும், ஆனாலும் பரவாயில்லை.

டயர் கேஜை எங்கே வைத்தார் என்று இவருக்கே தெரியவில்லை. தேடப் போகிறேன்.