அத்தாவின் பிளசர்

சென்ற மாதம் பேரன் தான் புதிதாக வாங்கிய காரில் நம்மை ஏற்றிக்கொண்டு தேவாரம் வரை போய்வந்தான். வண்டியில் சாவித் துவாரமே இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினான். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று நமக்குத் தெரியவில்லை. மார்கழிக் குளிர். பழைய நினைப்பில், "சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிடு தம்பி" என்று சொல்லிவிட்டோம். அவன் திரும்பிப் பார்த்து, "சோக்கா? அது என்ன நன்னா?" என்றான்.

கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஆகவே உள்ளே போகும் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டினால்தான் எஞ்சின் உயிர்பெறும். அதற்காக ஒரு கம்பிக் குமிழ் முன்பலகையில் துருத்திக்கொண்டிருக்கும் என்று விளக்கினோம். "இப்போது அதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது" என்று சொல்லிவிட்டு அவன் ஓட்டத்தில் கவனமானான். நமக்கோ அன்று முழுவதும் மனம் பொட்டிப்புரத்துப் பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சந்தில்தான் நம் அத்தாவின் வண்டி நின்றது. உத்தமபாளையத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அவர், ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சரக்கு ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்து, டிரைவராகி, பிறகு யாரோ கைமாற்றிய ஓர் அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். மார்க் 2 வகை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் வார்ப்பு அது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை அந்த இனம் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

ஊரில் அதைக் கார் என்று சொன்னவர்கள் குறைவு. 'ராவுத்தர் பிளசர்' என்பதே அதன் பெயர். சரக்குக்கு லாரி, கூட்டத்துக்குப் பஸ், இன்பமாகப் போய்வர 'பிளஷர் கார்' என்று வெள்ளைக்காரர் காலத்தில் வகுத்த பெயர், கிராமத்து நாவில் தேய்ந்து பிளசர் ஆயிற்று. பின்னாளில் தமிழறிஞர்கள் காருக்கு மகிழுந்து என்று பெயர் சூட்டினார்கள். அதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. மகிழ்வதற்கான உந்து என்பதைத்தானே நம் ஊர்க் கிழவிகள் பிளசர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! இப்போது கிழவிகளும் இல்லை, பிளசர் என்று சொல்வாரும் இல்லை.

சொற்களின் கதை வேடிக்கையானது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் அவசரச் சக்கரம் ஒன்றைச் செய்து தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறந்த நாட்டில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. நம் பஞ்சர்க் கடைப் பையனின் வாயில் இன்றும் உயிரோடிருக்கிறது. டிக்கி என்பதும் அப்படித்தான். ஆதியில் அது பெட்டியன்று, இருக்கை. வண்டியின் பின்புறத்தில் மூடியைத் திறந்து இருவர் காற்றாட உட்காரும் இடம். இருக்கை போய்ப் பெட்டி வந்த பின்னும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. டேஷ்போர்டோ குதிரை வண்டிக்காரன் சொத்து. குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேற்றைத் தடுக்க முன்னால் அறைந்த பலகை அது.

தேவாரத்தில் ஒருவரிடம் பேபி ஹிந்துஸ்தான் இருந்தது. மோரிஸ் மைனரைத்தான் இந்நாட்டில் அப்பெயரில் விற்றார்கள். இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள தூணிலிருந்து ஒரு சிறு கை விளக்கோடு வெளியே நீளும். திரும்பியதும் உள்ளே மடங்கிக்கொள்ளும். ரயிலடியில் இருப்பதைப்போலவே இருந்ததால் அதையும் கைகாட்டி என்றே சொன்னோம். அதைக் காண்பதற்காகவே முக்கில் காத்து நின்ற நாட்கள் உண்டு.

நம் வண்டியில் கைகாட்டி இல்லை. ஆனால் வேறு செல்வங்கள் இருந்தன. முன்கண்ணாடியை ஒட்டி முக்கோணமாய் ஒரு சிறு கண்ணாடி. அதைத் திருப்பி வைத்தால் மலைக்காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். முன்னிருக்கை இரண்டாகப் பிரியாமல் திண்ணைபோல் ஒரே நீளம். கியர்த்தடி தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டின் இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் கியருக்கு இறக்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். இல்லையேல் பல்லோடு பல் கரகரக்கும். கிளட்ச்சுக்கு அருகே தரையில் ஒரு பித்தான். காலால் மிதித்தால் முகப்பு விளக்கு டிம், மறுமுறை மிதித்தால் பிரைட்.

அந்தப் பித்தானின் மீது நமக்கிருந்த மோகத்தை என்னவென்று சொல்வது! சவாரி இல்லாத நாளில் அத்தா வண்டியைக் கனத்த தார்ப்பாயால் மூடிவைப்பார். நாம் அதனடியில் நுழைந்து உள்ளே ஏறிவிடுவோம். தார்ப்பாய்க்குள் பகலிலும் இருட்டு. விளக்குக் குமிழை இழுத்துவிட்டுக் காலால் டிம், பிரைட், டிம், பிரைட் என்று மிதித்தபடி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிடுவோம்.

1969-ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் அஸருக்குப் பிறகு அப்படி ஏறினோம். நமக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கூப்பிட்டார்கள், இறங்கி ஓடினோம்.

அன்று நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது. அடுத்த தெருப் பெண்ணொருத்திக்குத் தலைப்பிரசவம், மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். "ராவுத்தரே, போடிக்குக் கொண்டுபோயிடணும்" என்று அவள் கணவன் அழுதான். நாம் எழுந்து வருவதற்குள் தார்ப்பாய் அகற்றப்பட்டிருந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. அத்தா மறுபடி திருகினார். கடக் என்றதோடு சரி. தள்ளிவிடலாமென்றால் சந்து மேட்டை நோக்கிப் போகிறது. அத்தா டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து முன்புறத் துளையில் செருகினார்.

ஹேண்டில் போடுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால் ஆபத்து. எஞ்சின் மெல்லச் சுழல்கையில் தீப்பொறி முந்திவிட்டால், பிஸ்டன் வந்த வழியே எதிர்த்துத் திரும்பும். கம்பியும் அதே வேகத்தில் எதிர்த்துச் சுற்றும். இப்படி எத்தனையோ பேர் கை முறிந்ததனால்தான், 1912-இல் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது உலகமே அதை வரவேற்றது. இதையெல்லாம் நமக்குக் கற்றுக்கொடுத்தவரே அத்தாதான். ஆனால் அன்று பின்னிருக்கையில் அந்தப் பெண் அலறிக்கொண்டிருந்தாள். அத்தா பிஸ்மி சொல்லிச் சுற்றினார். நான்காவது சுற்றில் கம்பி எகிறியது. "யா அல்லாஹ்!" என்ற குரல் கேட்டது. அவருடைய வலது மணிக்கட்டு பக்கவாட்டில் மடங்கித் தொங்கியது.

அவர் உட்காரவில்லை. அந்தக் கணவனை அழைத்துக் கட்டைவிரலை எப்படி வைப்பதென்று காட்டினார். அவன் இரண்டாவது இழுப்பில் எஞ்சினைப் பிடித்துவிட்டான். ஆனால் வண்டியோட்ட அத்தாவை விட்டால் ஊரில் அந்நேரம் வேறு ஆளில்லை. "தம்பி, ஏறி என்னை ஒட்டி உட்காரு" என்றார்.

இடக்கையால் ஸ்டியரிங்கை அவர் பிடித்துக்கொண்டார். கிளட்ச்சை மிதித்து, "ரெண்டு" என்பார். நாம் தண்டிலிருந்த தடியை இரண்டாவதுக்குத் தள்ளுவோம். "மூணு" என்பார், தள்ளுவோம். திண்ணை போன்ற அந்த இருக்கையும், ஸ்டியரிங் தண்டில் அந்தக் கியரும் இல்லாதிருந்தால் அன்றைய பயணம் இல்லை. ராசிங்காபுரம் தாண்டும்வரை விளக்கு மஞ்சளாய் அழுது வழிந்தது. டைனமோ ஊட்ட ஊட்டச் சிலமலைக்கருகில் சற்றுத் தெளிந்தது. நாம் ஏறியதும் முதலில் உற்றுப் பார்த்தது விளக்குக் குமிழைத்தான். அத்தா புறப்படும்போது அதை இழுத்துவிட்டார். அப்படியானால் அதற்குமுன் அது உள்ளே தள்ளப்பட்டிருந்தது. மாலையில் நாமே தள்ளினோமா? அல்லது தார்ப்பாயை நீக்கியவர் கண்டு தள்ளினாரா? வழி நெடுக இதுவே நெஞ்சில் உருண்டது. கேட்க நாவெழவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெண் குழந்தை. அத்தாவின் மணிக்கட்டுக்கு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. அதற்குப் பின் அத்தா ஹேண்டிலைத் தொட்டதில்லை. சோறு பிசையும்போதும் அந்தக் கை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். எதிரே அமர்ந்து உண்டவர்கள் நாம்.

ஏன் அன்று செல்ஃப் எடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம், "டைனமோவிலே கார்பன் தேஞ்சு போச்சு" என்று அத்தா சொல்லிவந்தார். கேட்டபோதெல்லாம் நமக்கு மூச்சு திரும்பியது.

கட்டு அவிழ்த்த பிறகு போடியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். நம்மையும் அழைத்துச் சென்றார். மெக்கானிக் டைனமோவைக் கழற்றிக் கார்பன்களை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தேய்மானமே இல்லையே பாய். புதுசு மாதிரி இருக்கு. விளக்கை அணைக்காமல் விட்டிருப்பீங்க" என்றான்.

அத்தா நம் பக்கம் திரும்பவே இல்லை.

"இருக்கட்டும், மாத்திடு" என்றார்.