அப்பாவின் மாத்திரை டப்பா

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜபாளையத்துக்காரர் அவர். மூத்த மகளுக்கு ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. "அப்படி என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டால், "நாம விழுங்குற மாத்திரையைக் கல்லீரல் என்ன பண்ணுதுன்னு பார்க்கிறேன்ப்பா" என்பாள்.

கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்றொரு என்சைம் குடும்பம் இருக்கிறது. நாம் சாப்பிடும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை உருமாற்றுவது அதுதான். புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே, மனிதக் கல்லீரலின் என்சைம்களோடு அதைச் சோதனைக் குழாயில் கலந்து பார்ப்பார்கள். எவ்வளவு வேகமாகச் சிதைகிறது, வேறு மருந்தின் வேலையைக் கெடுக்குமா என்பதற்கெல்லாம் அங்கேயே துப்புக் கிடைத்துவிடும்.

இந்தப் படிப்பு அவள் வீட்டுக்கே தேவைப்பட்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு, தினமும் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் மாத்திரையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்செரிச்சல். அவள் ஒமெப்ரசோல் வாங்கிக் கொடுக்க, கேட்டது. அதையே வாரக்கணக்கில் தொடர்ந்துவிட்டார்.

"அப்பாவுக்கு இப்ப எரிச்சலே இல்லக்கா" என்று தங்கை போனில் சந்தோஷமாகச் சொன்னபோது, அக்காவுக்குப் பகீரென்றது.

க்ளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்கிற மருந்தல்ல. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதில் முக்கியப் பங்கு 2சி19 என்ற என்சைமுக்கு. ஒமெப்ரசோல் அந்த என்சைமையே மட்டுப்படுத்துகிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009லேயே எச்சரித்தது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த என்சைம் மந்தம். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஐரோப்பியர்களைவிடத் தமிழர்களிடம் அதிகம். புதுச்சேரி ஜிப்மரில் ஆதித்தன் குழுவினர் தமிழர்களிடம் நடத்திய ஆய்வு 2003ல் வெளிவந்தது.

"இதய மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா, முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள் மூத்தவள். விவரம் கேட்ட இதய மருத்துவர், ஒமெப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோல் எழுதிக் கொடுத்தார். அதனால் அந்த என்சைமுக்குத் தொந்தரவு குறைவு.

"நான்தானேக்கா வாங்கிக் கொடுத்தேன்" என்று தங்கை அழுதாள். "நெஞ்செரிச்சல் மாத்திரைதானேன்னு யாருமே நினைப்போம்டி" என்றாள் அக்கா.

அன்று மாலையே தங்கை, அப்பா சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி டப்பா மூடியில் ஒட்டினாள். இப்போது இருமல் மருந்து வாங்கப் போனாலும் அந்த டப்பாவும் கூடவே கடைக்குப் போகிறது.