பாட்டனாரின் குருதி

எங்கள் பாட்டனாரை நாங்கள் கண்டதில்லை. அன்னையின் தந்தையாகிய அவர் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்குச் சென்று, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் விறகிட்டு அனல் காத்தவர். மெலிந்த தேகம். காலில் பட்ட சிறு புண் ஆறாமலே 1964-இல், 41-ஆம் வயதில் மறைந்தார். அன்னைக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையைப் பற்றி அவர் சொல்லிவந்த நினைவுகளுள் ஒன்று சிறுவயதில் எங்களுக்கு நகைப்பூட்டியது. வீட்டின் பின்புறம் பாட்டனார் சிறுநீர் கழிக்கும் இடத்தில் எறும்பு மொய்க்குமாம். அவர் நோயறியாது நடமாடிய நாளிலேயே மொய்க்குமாம்.

சர்க்கரை என்பது உட்கார்ந்து உண்பவர்க்கு வருவது என்பதே ஊரார் எண்ணம். எங்கள் வீட்டில் அது அவ்வாறு வரவில்லை. அன்னைக்கு 1983-இல், 28-ஆம் வயதில் வந்தது. எங்களுள் மூத்தவருக்கு 1996-இல், 22-ஆம் வயதில் வந்தது. இருவரும் பாட்டனாரைப் போலவே ஒல்லியானவர்கள். 2021-இல் மூத்தவரின் மகளுக்கு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கையில் வந்தது.

பதினாறு வயதில் வந்ததால் அது சிறாருக்கு வரும் முதல் வகை என்றே மருத்துவர் கருதி, நாளுக்கு நான்கு முறை இன்சுலின் எழுதினார். அவரைக் குறைகூறுவதற்கில்லை, அந்த வயதில் முதலில் அவ்வாறு எண்ணுவதே முறை, பிழைத்தால் உயிருக்கே ஆபத்தன்றோ? குழந்தை பள்ளிக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டாள். உடன்பயில்வோர் அறியக்கூடாது என்பது அவள் கட்டளை. ஈராண்டுகள் இவ்வாறே கழிந்தன.

2010 இறுதியில் நின்றுபோன மதுரைத் தொடர்வண்டி, 2023 ஜூனில் அகலப் பாதையில் மீண்டும் போடிக்கு வந்தது. ஊரார் மாலையிட்டு வரவேற்ற அவ்வண்டியில் சில வாரங்கள் கழித்து அவளை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்து, “பாட்டன், அம்மா, அண்ணன், மகள். வரிசையாக, ஒரு தலைமுறையும் விடாமல். எல்லாரும் ஒல்லியா?” என்று வினவினார். நாற்பதாண்டுகளாக எங்களிடம் எவரும் கேட்டிராத வினா அது.

இங்கே சிறிது மருத்துவம் பேசவேண்டியிருக்கிறது, வாசகர் பொறுத்தருள்க. இளம் வயதிலேயே தோன்றினும் முதியோரின் சர்க்கரை போல நடந்துகொள்ளும் ஒரு பரம்பரை வகையை 1974-இல் இங்கிலாந்தின் மருத்துவர் ராபர்ட் டாட்டர்சால் சில குடும்பங்களில் கண்டு எழுதினார். ‘எம்.ஓ.டி.ஒய்.’ என்று அதனைக் குறிப்பர். தாயோ தந்தையோ ஒருவரிடமிருந்து பழுதுற்ற ஒரு மரபணு வந்தாலே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் மணம் செய்ததால் வந்தது என்று எங்கள் உறவினர் சொல்லிவந்ததற்கு இதில் இடமில்லை. எங்கள் தந்தையும் தாயும் உறவினரும் அல்லர்.

நம் நாட்டிலும் இது புதிய செய்தியன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய மருத்துவர் எம். விசுவநாதனும், அவர் மகன் மருத்துவர் வி. மோகனும், உடன் பணியாற்றியோரும் இவ்வகை இந்தியரிடையே மிகுதி என்று 1985-இலேயே எழுதிவிட்டனர். 2018-இல் மோகன் குழுவினர் தென்னிந்தியர் 289 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர்; அவர்களுள் 152 பேர் இவ்வகை நோயினர் எனக் கருதப்பட்டோர். பழுது மிகுதியாகக் காணப்பட்டது எச்.என்.எஃப்.1ஏ என்னும் மரபணுவில். சென்னையில் இத்தனை நடந்தும் எங்கள் தெருவுக்கு அது வந்துசேர இவ்வளவு காலம் ஆயிற்று.

மரபணுச் சோதனைக்குச் செலவு மிகுதி. ஆகவே அதற்குமுன் எளிய குருதிச் சோதனைகள் சிலவற்றைச் செய்தனர். கணையம் இன்சுலினை ஆக்கும்போது அதனோடு சி-பெப்டைடு என்னும் துணுக்கு ஒன்றும் சேர்ந்தே பிறக்கிறது. ஊசி மருந்தில் அத்துணுக்கு இல்லை. எனவே ஊசி போட்டுக்கொள்பவரின் குருதியிலும் அது தென்பட்டால், அவருடைய கணையம் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பொருள். குழந்தைக்கு அது நன்றாகவே இருந்தது. முதல் வகையில் உடலே கணையத்தைப் பகைத்து ஆக்கும் எதிர்ப்பொருள்கள் அவளிடம் இல்லை. மூன்றாவது, சி-ரியாக்டிவ் புரதம். இதனை ஆக்குவது கல்லீரல். ஆக்கும் அளவை நெறிப்படுத்துவதில் மேற்சொன்ன மரபணுவுக்கும் பங்குண்டு. அம்மரபணு பழுதுற்றோரிடம் இப்புரதம் மிகக் குறைந்திருப்பதை 2010-ஆம் ஆண்டையொட்டி ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் காட்டினர். ஆயினும் ஒரு சளி, காய்ச்சல், மலையில் அட்டை கடித்துச் சீழ்பிடித்த புண் எதுவாயினும் இதனை உயர்த்திவிடும். எங்கள் குழந்தைக்கு அன்று இருமல் இருந்ததால், “பதினைந்து நாள் கழித்து வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை எடுத்தபோது அளவு மிகக் குறைந்திருந்தது.

எங்கள் அன்னை முப்பது ஆண்டுகள் போடியில் ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரித்தவர். 8 மி.மீ. சல்லடையில் நிற்பது ஒரு தரம், 7-இல் நிற்பது மறு தரம். ஆனால் சல்லடை பருமனை மட்டுமே சொல்லும். வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் கண்தான் பொறுக்கவேண்டும். இச்சோதனைகள் சல்லடையைப் போன்றவை என்று நாங்கள் விளக்கியபோது அவருக்கு உடனே விளங்கிற்று. “அப்போ கண்ணு எது?” என்றார். குழந்தையின் குருதி சென்னைக்குச் சென்றிருந்தது.

வந்த முடிவு: எச்.என்.எஃப்.1ஏ-வில் பழுது. அப்பழுது உடையோருக்குச் சல்ஃபோனைல்யூரியா என்னும் பழைய, மலிவான மாத்திரை வகை நன்கு வேலை செய்யும். 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்நோயினருக்கு மெட்ஃபார்மினைவிட அம்மாத்திரை ஐந்து மடங்கு சர்க்கரையைக் குறைத்தது. மருத்துவர் கண்காணிப்பில் வாரம் வாரமாக ஊசியின் அளவு குறைந்தது. ஒரு நாள் நின்றது. இப்போது மாத்திரை மட்டுமே. எறும்புக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. இப்பழுதுள்ளோரின் சிறுநீரகம், குருதியில் சர்க்கரை உயராத நாளிலேயே அதனைக் கசியவிட்டுவிடுமாம்.

இதனோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியோடு எழுதியிருப்போம். அடுத்து அன்னையின் குருதியையும் கேட்டனர். அதே பழுது இருந்தது. “உங்க வழியில வந்ததுதான்” என்று தந்தையின் உறவினர் பலகாலம் சொன்ன சொல் உண்மையாயிற்று. உண்மையென்று அறிவதில் ஆறுதல் உண்டென்பர். அன்னைக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு நாள் எங்களில் எவரோடும் பேசவில்லை.

எங்களுள் மூன்றாமவள் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அண்மைக் காலமாக அவளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சோதனை செய்துகொள் என்றோம். “தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்ல சொல்லணும். தெரியலேன்னா சொல்ல வேண்டியதில்லையே” என்றாள். எங்களுள் இருவர் அவளைக் கடிந்தோம், மூத்தவர் கடியவில்லை. தம் திருமணத்தின்போது தாமும் மறைத்ததை அன்றுதான் எங்கள் அண்ணியார் முன்னிலையில் அவர் சொன்னார். அண்ணியார், “எனக்கு அப்பவே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குச் சென்றார்.

மூன்றாம் நாள் அன்னை பேசினார். மூத்தவரிடம், “ஏம்ப்பா, எங்க அய்யாவுக்கும் இந்த மாத்திரையே போதுமாயிருந்திருக்குமா?” என்றார். அவ்வகை மாத்திரைகள் 1950-களின் நடுவிலேயே ஜெர்மனியில் விற்பனைக்கு வந்துவிட்டன. பாட்டனார் இறந்தது 1964-இல். அதனை அவரிடம் சொல்லவேண்டுமா என்று நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். மூத்தவர், “போதுமாயிருந்திருக்கும்மா” என்றார்.

கம்பத்திலிருந்து பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மகளையும் அழைத்துவரும்படி அன்னையே தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். சோதனையைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.