அரை ஆழாக்கு

மாதவிடாய்க் கப்பை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் பார்ப்பது அதன் அகலத்தை. அதைப் பார்த்ததும் எழும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், அதை இங்கே எழுதவேண்டியதில்லை. என் கண் போனது அதன் உடம்பில் இருந்த கோடுகளுக்கு. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் இருக்குமே, அதே மாதிரி மெல்லிய கோடுகள், பக்கத்தில் 10, 20 என்று எண்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். எல்லாக் கப்பிலும் இருப்பதில்லை, என்னுடையதில் இருந்தது. வயசுக்கு வந்து இத்தனை காலம் கழித்து, இதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று ஒரு பொருள் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

அதுவரை நமக்குத் தெரிந்த அளவுகள் என்ன? "ரொம்பப் போகுது." "இந்தத் தடவை கம்மிதான்." அப்புறம், விளம்பரத்தில் கண்ணாடிக் குடுவையிலிருந்து பேடின் மேல் ஊற்றுவார்களே, அந்த நீலத் தண்ணீர். நீலம் பார்க்கிறவர்களின் கூச்சத்துக்காக, சரி. ஆராய்ச்சிக்கூடத்தில் கூச்சத்துக்கு என்ன வேலை? அங்கேயும் வெகுகாலம் தண்ணீரையோ உப்புநீரையோ ஊற்றித்தான் எது எவ்வளவு பிடிக்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவின் ஓரிகனைச் சேர்ந்த மருத்துவர்கள், ரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்களை வாங்கி 21 பொருள்களில் ஊற்றிப் பார்த்தார்கள். பெட்டியில் எழுதியிருந்த கொள்ளளவும் உண்மையில் பிடித்த அளவும் பலவற்றில் ஒத்துப்போகவில்லை. ரத்தத்துக்கென்றே செய்த இத்தனை பொருள்களை வரிசையாக வைத்து ரத்தம் ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்க 2023 ஆகியிருக்கிறது!

போகிற ரத்தத்தை அளந்தவர்கள் அதற்கு வெகுமுன்பே இருந்தார்கள். 1960களில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் ஹால்பெர்க் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 476 பெண்களிடமிருந்து, பயன்படுத்திய பேடுகளையும் டேம்பன்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அவற்றை ஊறவைத்து, இறங்கிய நிறத்தின் அடர்த்தியை வைத்து ரத்தத்தைக் கணக்கிட்டார்கள். மாதத்துக்குச் சராசரி 43 மில்லி சொச்சம். 80 மில்லியைத் தாண்டினால் ரத்தசோகை கூடுகிறது என்று கண்டு 1966இல் எழுதினார்கள். அதிகப் போக்கு என்றால் 80க்கு மேல் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் ஏறிய வழி அதுதான்.

இத்தனைக்கும் கப் அப்போதே இருந்தது. லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ரப்பரில் ஒன்றைச் செய்து 1937இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உலகப் போர் வந்தது, ரப்பர் கிடைக்காமல் போனது, கப்பும் போனது. போருக்குப் பின் மறுபடி விற்கப் பார்த்தும் எடுபடவில்லை. ஸ்வீடன்காரர்கள் பேடுகளை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது அளக்கும் பாத்திரத்துக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

43, 80 என்ற எண்களைப் பார்த்ததும் என் மனசு ஸ்வீடனில் நிற்கவில்லை, பெரியம்மா வீட்டு அரிசிப் பானைக்குப் போய்விட்டது. பழைய வாய்பாட்டில் ஐந்து சோடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. மெட்ரிக்கில் ஆழாக்கை 168 மில்லி என்று போடுகிறார்கள். படி ஊருக்கு ஊர் மாறும், வியாபாரிக்கு வியாபாரி இன்னும் மாறும், அது இருக்கட்டும். அந்தக் கணக்குப்படி சோடு என்பது 34 மில்லிக்குக் கொஞ்சம் கீழே. கோதன்பர்க் பெண்களின் சராசரி ஒன்றேகால் சோடு. ஆபத்தான எல்லை என்று மருத்துவர்கள் கோடு கிழித்த இடம், கிட்டத்தட்ட அரை ஆழாக்கு.

பெரியம்மா சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். அவளிடம் பித்தளையில் ஓர் ஆழாக்கு உண்டு. விருந்தாள் வந்தால் தலைக்கு எவ்வளவு, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சிக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனிக் கணக்கு. பால்காரர் ஒருநாள் புது அளவையோடு வந்தார். ஊற்றும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடி உள்வாங்கியிருக்கே, நெதம் ஒரு முடக்கு எனக்குக் குறையுமே!" பால்காரர் சத்தியம் பண்ணினார். உள்ளே போய்த் தன் ஆழாக்கை எடுத்துவந்து, அவர் பாலை அவர் கண்ணெதிரே ஊற்றிக் காட்டினாள். விளிம்புக்குக் கீழே ஒரு நூல் இடைவெளி. மறுநாளிலிருந்து பழைய அளவையே வந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் வெளிறிப்போனாள். இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் துணைக்கு நானும் போனேன்.

"எவ்வளவு போகுது?"

"போகுதும்மா."

"அதிகமா, கம்மியா?"

"எல்லாருக்கும் போறாப்லதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேடு மாத்துறீங்க?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். "துணிதாம்மா."

டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது பெரியம்மாவின் கோபமெல்லாம், சின்னப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தம்மா இதைக் கேட்கலாமா என்பதில் இருந்தது. மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்று சீக்கிரமே நிறுத்திவிட்டாள். சில வருஷங்களில் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. பால் ஒரு முடக்கு குறைந்தால் பால்காரரின் கையைப் பிடிக்கிறவளுக்கு, தன் உடம்பிலிருந்து மாதாமாதம் போனதற்கு மட்டும் அளவை இல்லை. "அரை ஆழாக்குக்கு மேலயா, கீழயா?" என்று அந்த டாக்டர் கேட்டிருந்தால், துணியைப் பிழிந்து பார்த்தாவது பதில் கொண்டுவந்திருப்பாள்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தட்டில் விழுவதும் விழாததும் அதற்குப் பெரிய காரணம். ஆனால் வரவை விசாரிக்கிற அளவுக்குச் செலவை யாரும் விசாரிப்பதில்லை.

கப்பின் கணக்கிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதில் சேர்வதில் ஏறக்குறையப் பாதிதான் ரத்தம், மீதி சளியும் கர்ப்பப்பையின் உள்தோலும் மற்றதும். கப்பின் 80ஐ ஸ்வீடனின் 80 என்று எண்ணி அலறவேண்டாம். ஆனாலும் போன மாதத்தைவிட இந்த மாதம் இரட்டிப்பு என்று சொல்ல அந்தக் கோடு போதும்.

வாங்கும்போது சின்னதா பெரியதா என்று கேட்பார்கள். முப்பது வயதுக்குள், பிரசவம் ஆகாதவர்களுக்குச் சின்னது, மற்றவர்களுக்குப் பெரியது என்பது கடைக்காரக் கணக்கு. முப்பதாவது பிறந்தநாளன்று உடம்பு சட்டென்று அகலமாகிவிடுமா என்ன? பார்க்கவேண்டியது கர்ப்பப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. மாதவிடாய் நாளில் கையைக் கழுவிவிட்டு விரலை விட்டுப் பார்த்தால், முதல் கணுவிலேயே தட்டுப்பட்டால் குட்டையான கப், விரல் முழுதும் போனால் நீளமானது. விரற்கடையால் அளந்த முன்னோர்களின் சந்ததிக்கு இதில் என்ன சிரமம்? ரொம்ப மெத்தென்று இருந்தால் உள்ளே போய் விரிய மறுக்கும், விரியாத கப் ஒழுகும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது, அடிப்பாகத்தை அழுத்தி உள்ளே காற்று போகவிட்டால்தான் பிடி விடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவேண்டாம், கப்போடு அதுவும் நழுவி வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது கப்பைக் கொதிக்கவைக்கிற பாத்திரம். தனிப் பாத்திரம்தான், சரி, அதை எங்கே வைப்பது? சமையலறை அலமாரியில் வைத்தால் மாமியார் முகம் மாறுகிறது, குளியலறையில் வைத்தால் யாராவது சோப்புத்தூளைப் போட்டுவைக்கிறார்கள். மூன்று நாள் அடுப்பங்கரைப் பக்கம் வராதே என்ற வீடுகளில், இன்றைக்கு அதே அடுப்பில் இது கொதிக்கிறது. எங்கள் மாமியார் அந்த ஐந்து நிமிஷமும் வாசலில் காற்று வாங்கப் போய்விடுவார், நல்ல மனுஷி.

கேரளத்தின் கும்பளங்கியில் ஆயிரக்கணக்கில் கப் கொடுத்து, 2022இல் நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று அறிவித்தார்கள். இப்படிக் கொடுக்கிற இடங்களில் பேச்செல்லாம் குப்பை மிச்சம், காசு மிச்சம் என்றே போகிறது. அந்தக் கோடுகளையும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கலாம்.

நான் எழுதிவைக்கிறேன். நாள்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் சின்ன எண்களாக. வீட்டில் ஒருவர் அதைத் தண்ணீர் கேன் கணக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை. அண்மையில் பொதுப் பரிசோதனைக்குப் போனபோது இளம் டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ப்ளீடிங் எப்படி இருக்கு?" என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மொத்தம் எழுபது மில்லி டாக்டர், ரெண்டாம் நாள் மட்டும் முப்பது."

தட்டச்சு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இதுல பேடு எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருக்கு மேடம்."

"நான் பேடு வைக்கறதில்லையே."

"சும்மா ஒரு தோராயமா சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள், "நாலுன்னு போட்டுக்கறேன்" என்று போட்டுக்கொண்டார்.