ஹாஃப் ஏடி ஸ்கொயர்

‘எஸ் ஈக்குவல் டு யூடி ப்ளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர்’ என்று வாயால் சொல்ல மூச்சு ஒன்று போதும். அதையே வேர்டில் மவுஸைப் பிடித்து ஏற்றுகிறவர் பின்னத்துக்கு ஒரு பெட்டி, அடுக்குக்கு ஒரு பெட்டி என்று வீடு கட்டிக்கொண்டிருப்பார். பள்ளியும் கோச்சிங் சென்டரும் நெருக்கியடிக்கும் ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் ஒர்க்‌ஷீட் அடிக்கும் ஆசிரியர்களுக்கு இது தீராத வேலை. பக்கத்துக் கச்சிபௌலியில் மைக்ரோசாஃப்டின் பெரிய வளாகம் இருப்பதால் இவர்களுக்குச் சலுகை ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் இந்தச் சிரமம் அவசியமே இல்லை. சமன்பாட்டைச் சொல்கிறபடியே தட்டச்சு செய்யலாம் என்று 1975இலேயே பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செரியும் காட்டிவிட்டார்கள். கணிதமும் அச்சுக்கலையும் தெரியாதவரும் கற்றுக்கொள்ளும்படி அவர்கள் அமைத்த மொழியின் பெயர் ‘ஈக்யூஎன்’. வேர்டிலும் 2007 முதல் இதற்கு வழி உண்டு: ஆல்ட்டோடு சமக்குறியை அழுத்திவிட்டு வரியாக அடிக்க வேண்டியதுதான். ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று அடித்ததும் ஓர் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஏடி ஸ்கொயரும் பகுதிக்குள் இறங்கிவிடும். முடுக்கம் கூடக் கூட வண்டி போகும் தூரம் குறைகிற விநோத இயற்பியல் பிறக்கும். எது எதோடு சேரும் என்று அடிப்பவரை யோசிக்க வைக்கிறதே, அதுதான் இந்த முறையின் பெருமை.

பிள்ளை பார்க்கப்போவது அச்சான தாளை. எப்படி அடித்தால் என்ன என்று கேட்கலாம். ஒர்க்‌ஷீட் ஒரு தடவையோடு முடிவதில்லையே. அடுத்த வருஷம் எண்களை மாற்ற வேண்டும். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். வெறும் படமாக ஒட்டிய சமன்பாட்டில் அதற்கு வாசிக்க எதுவும் இல்லை. வேர்டோடு வந்த பழைய ஈக்குவேஷன் எடிட்டரின் கதையும் இருக்கிறது. 2000இல் தொகுக்கப்பட்ட அந்த நிரலில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2017இல் வெளிப்பட, 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதையே நீக்கிவிட்டது. பழைய கோப்புகளில் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. வேர்டில் அவற்றைத் தொட்டுத் திருத்த முடியவில்லை. வரி வடிவிலேயே வைத்திருக்கும் சமன்பாடு வெறும் எழுத்து. எந்தச் செயலியிலும் திறக்கும்.

கையால் எழுதி ஸ்கேன் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களுக்கு ராமானுஜன் துணை நிற்பார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அவருடைய நோட்டுப் புத்தகங்களை அச்சுக்கோக்காமல் அவர் கையெழுத்தையே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. சரியான முடிவுதான்: அவர் எழுதியது என்ன என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி. ஆனால் அவற்றைச் சூத்திரம் சூத்திரமாக எடுத்து நிரூபிக்க வந்த கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட், 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளை அச்செழுத்தில்தான் கொண்டுவந்தார். இன்னொருவர் எடுத்துத் திருத்தவும் மேலே கட்டவும் வேண்டியது அச்செழுத்தில் இருப்பதே முறை. ஒர்க்‌ஷீட் அந்த இனம். அதில் சாய்தளப் படத்தைக் கையால் வரைந்து ஒட்டுங்கள், குற்றமில்லை. சமன்பாட்டை மட்டும் அடித்துவிடுங்கள்.