பிறர் வேகத்தில் ஓடும் பராமரிப்பு

2021 பிப்ரவரியில் பைத்தான் நிரலர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'கிரிப்டோகிராஃபி' நிரலகத்தின் 3.4 பதிப்பு வெளிவந்தது. அதைத் தொகுக்க இனி ரஸ்ட் கம்பைலரும் வேண்டும் என்றார்கள் அதை எழுதுபவர்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது. சி மொழியில் நினைவகத்தைக் கையாளும்போது நேரும் பிழைகள் மோசமான பாதுகாப்பு ஓட்டைகளாகிவிடுகின்றன. 2014இல் இணையத்தை உலுக்கிய ஹார்ட்பிளீட் அந்த வகைதான். ஆனால் ரஸ்ட் கம்பைலர் எல்எல்விஎம் என்ற அடித்தளத்தை நம்பி இருக்கிறது. அந்த அடித்தளத்துக்கு அன்று ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க், மோட்டோரோலா 68000 குடும்பம் போன்ற சில்லுகளைத் தெரியாது. அந்தப் பதிப்போடு, அந்தச் சில்லுகளில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு வழி அடைபடத் தொடங்கியது.

அந்தச் சில்லுகளை இன்னும் யார் ஓட்டுகிறார்கள்? 68000ஐ மோட்டோரோலா 1979இல் அறிமுகப்படுத்தியது. 1984இன் மெக்கின்டாஷும் 1985இன் அமிகாவும் அட்டாரி எஸ்டியும் அதில்தான் ஓடின. டெபியன் லினக்ஸ் 2007இல் வெளியிட்ட 4.0 பதிப்பில் இந்தக் குடும்பத்தை அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆர்வலர்கள் விடவில்லை. 'டெபியன் போர்ட்ஸ்' என்ற தனி ஏற்பாட்டின்கீழ் அதற்கான பொதிகளைத் தொகுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2019இல், இன்னும் பெரிய ஆபத்து வந்தது. ஜிசிசி கம்பைலரின் உள்ளே இருந்த ஒரு பழைய பொறிமுறையை நீக்க அதன் குழு முடிவெடுத்தது. அதை நம்பியிருந்த சில்லுகளுக்கான பகுதிகளை யாராவது புதிய முறைக்கு மாற்றி எழுதாவிட்டால் அவையும் சேர்ந்து போய்விடும். பழைய கணினிப் பிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வெகுமதி அறிவித்தார்கள். அனுபவமுள்ள ஒரு கம்பைலர் பொறியாளர் முன்வந்து அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். 68000 குடும்பம் ஜிசிசியில் நிலைத்தது. 2021இல் எல்எல்விஎம்மும் அதைச் சோதனை நிலையில் ஏற்றது. அதே ஆண்டு ரஸ்ட் தன் ஆதரவுப் பட்டியலின் கடைசிப் படியில் அதற்கு இடம் கொடுத்தது. அடைபட்ட ஒரு நிரலகத்துக்காக வாதாடுவதோடு நிற்காமல், அது நிற்பதற்கான தரையையே போட்டவர்கள் இவர்கள். இதைச் சிலரது பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு மென்பொருளை வேறோர் இயங்குதளத்துக்குக் கொண்டுபோவதை ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் தடவை ஓடவைப்பதுதான் எளிது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 1994இல் தொடங்கிவைத்த முறையில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு அடைவு உண்டு. மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, வந்த கோப்பு சரியானதுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது, எந்தெந்த வரிகளை மாற்றினால் இங்கே ஓடும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த மாற்றங்களைத்தான் பேட்ச் என்கிறார்கள். அசல் ஆசிரியர்கள் அடுத்த பதிப்பை வெளியிட்டதும் நேற்றுவரை பொருந்திய பேட்ச் பொருந்தாமல் போகலாம். குரோமியம் உலாவியைப் பாருங்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அதை ஓட்ட நூற்றுக்கணக்கான பேட்ச்கள் வேண்டும். 2021இல் அந்த உலாவி நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்ற கணக்குக்கு மாறியது. பேட்ச்களைச் சரிசெய்து, மணிக்கணக்கில் தொகுத்து, ஓட்டிப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அப்படியும் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் ஓடினால் போதும் என்று விட்டுவிடவில்லை. ஒரு நிரல் எதைச் செய்யலாம், எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் 'பிளெட்ஜ்', 'அன்வெயில்' என்ற தங்கள் காவல்களையும் அந்த உலாவிக்குள் சேர்த்திருக்கிறார்கள்.

பேட்ச் அசல் ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே ஏற்கப்பட்டால் இந்தச் சுமை ஒரேயடியாக இறங்கும். அதனால் வரும் லாபம் சிறிய இயங்குதளத்துக்கு மட்டுமல்ல. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பித் தடுமாறும். ஓபன்பிஎஸ்டி 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பிலேயே, 32 பிட் எந்திரங்கள் உட்பட எல்லாவற்றிலும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. இயங்குதளத்தை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. நேரத்தைச் சிறிய பெட்டியில் அடைத்துவைத்த வரிகளை ஆயிரக்கணக்கான பிறர் மென்பொருள்களில் தேடித் திருத்த வேண்டியிருந்தது. டெபியன் தன் 32 பிட் ஆர்ம் கணினிகளுக்கு இதே மாற்றத்தை 2024இல்தான் செய்தது. முன்னால் போனவர்கள் திருத்தி அனுப்பிய வரிகளில் பின்னால் வந்தவர்கள் தடுக்கி விழ வேண்டியிருக்கவில்லை. அருகிப்போன சில்லுகளும் இப்படித்தான் உதவுகின்றன. ஸ்பார்க்64 எண்களின் பைட்டுகளை இன்டெல் சில்லுகளுக்கு நேர்மாறான வரிசையில் வைக்கிறது. இன்டெலில் ஓசையில்லாமல் ஓடிவிடும் தவறு அங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

ஒரே ஆள் இவ்வளவையும் சுமந்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற உலாவி சாட்சி. ஆப்பிள் 2005இல் பவர்பிசி சில்லுகளிலிருந்து இன்டெலுக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2011இல் வந்த ஃபயர்பாக்ஸ் 4 பவர்பிசி மேக்குகளைக் கைவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜி3, ஜி4, ஜி5 எந்திரங்களுக்குப் புதிய உலாவி இல்லை. கலிஃபோர்னியாவில் மருத்துவராக இருந்த கேமரூன் கைசர், ஃபயர்பாக்ஸை அவற்றில் தொடர்ந்து ஓடவைக்கும் வேலையை டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் கையில் எடுத்தார். ஒவ்வொரு சில்லு வகைக்கும் தனித்தனிப் பதிப்பு வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்ட் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, அதைப் பவர்பிசியின் எந்திர மொழிக்கு அந்தந்தக் கணத்தில் மாற்றும் கம்பைலரையே எழுதினார். ஃபயர்பாக்ஸ் 45க்கு மேல் அசலோடு சேர்ந்து போக முடியாமல் ஆனபோது அங்கேயே நின்றுகொண்டு, பின்னால் வந்த பாதுகாப்புத் திருத்தங்களைக் கையால் பழைய நிரலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பத்தாண்டுகளுக்கும் மேல் இது நடந்தது. 2021இல் வழக்கமான வெளியீடுகளை நிறுத்தினார். மூலநிரல் திறந்தே இருக்கிறது. வேண்டுபவர்கள் தாங்களே தொகுத்துக்கொள்ளலாம். தொகுக்கத் தெரியாதவர்களுக்கு அவர் தந்துவந்த பதிப்புகள் அன்றோடு நின்றன. அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அத்தனை பேர் பயன்படுத்திய ஒன்றில் தோள்கொடுக்கப் போதுமான ஆள் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

ஹைக்கூ இயங்குதளத்தார் இந்த விஷயத்தில் கவனமாக இருக்கிறார்கள். பீ நிறுவனத்தின் சொத்துகளை 2001இல் பாம் நிறுவனம் வாங்கியபோது, பீயின் இயங்குதளமான பீஓஎஸ்ஸைப் புதிதாக எழுதத் தொடங்கியவர்கள் இவர்கள். முதல் பீட்டா 2018 செப்டம்பரில்தான் வந்தது. அதே ஆண்டு லிப்ரே ஆஃபிஸும் அங்கே ஓடத் தொடங்கியது. அவர்களது ஹைக்கூபோர்ட்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'ரெசிபி' என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்தச் சில்லில் ஓடுகிறது என்ற வரியில் கேள்விக்குறி இருந்தால் இன்னும் சோதிக்கவில்லை என்று பொருள்; ஆச்சரியக்குறி இருந்தால் ஓடவில்லை. பேட்ச்களும் பக்கத்திலேயே இருக்கும். எழுதியவர் விலகிவிட்டாலும் அடுத்தவர் திறந்து பார்த்துத் தொடரலாம். புதிதாக வருபவர் சின்ன மென்பொருள் ஒன்றை எடுத்து, பதிப்பு எண்ணையும் சரிபார்ப்புக் குறியீட்டையும் மாற்றி, தொகுத்து, ஓட்டிப் பார்த்து அனுப்புகிறார். பழையவர்களில் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் சொல்லி, சரியானதும் சேர்த்துக்கொள்கிறார்.